லேன் ஃப்ராஸ்ட்: ஒரே ஒரு பட்டம் வென்றவரை ஏன் இன்னும் மறக்கவில்லை?

"லேன் ஃப்ராஸ்ட் காளைச் சவாரியில் உலகச் சாம்பியன் ஆனது ஒரே ஒரு தடவை. டான் கே எட்டு தடவை ஆகியிருக்கிறார். அப்படியிருக்க, அமெரிக்க கௌபாய்களின் போட்டியான ரோடியோ என்றதும் எல்லாரும் ஏன் ஃப்ராஸ்ட் பெயரையே சொல்கிறார்கள்? 25 வயதில் காளை முட்டி இறந்துபோனார் என்ற அனுதாபம்தானே காரணம்?" என்பது கேள்வி.

அனுதாபம் உண்டு. அவர் செத்துப்போன அந்தச் சில நொடிகளின் வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு அவரைத் தெரியும் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் அவர் இறப்பதற்கு ஒரு வருடம் முன்பே, 1988 கோடையிலேயே, ரோடியோ ஊர்களில் அவர் பெயர் நிலைத்துவிட்டது. ரெட் ராக் என்ற ஒரு காளையோடு அவர் மோதிய கோடை அது. என் பதிலில் பெரும்பகுதி அதற்குத்தான் போகும். அதற்கு முன் களத்தையும் ஆளையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

காமிக்ஸ் படித்து வளர்ந்த நமக்கு கௌபாய் என்றால் இடுப்பில் துப்பாக்கிதான் ஞாபகம் வரும். ரோடியோ கௌபாய் வேறு ஆள். குதிரையைப் பழக்குவது, கன்றுக்குச் சுருக்குக் கயிறு வீசிப் பிடிப்பது என்று மாட்டுப் பண்ணையில் அன்றாடம் நடந்த வேலைகளே ரோடியோவில் போட்டிகளாயின. காளைச் சவாரி மட்டும் விதிவிலக்கு. எந்தப் பண்ணையிலும் எந்த வேலைக்காகவும் யாரும் காளையின் முதுகில் ஏறி உட்கார வேண்டி வந்ததில்லை. அது முழுக்க முழுக்கத் துணிச்சலுக்காகவே உண்டான போட்டி.

அரை டன்னுக்குக் குறையாத காளை, அதன் உடம்பு மட்டுமே நுழையும் அளவுக்குக் குறுகலான இரும்பு அடைப்புக்குள் நிற்கும். அதன் முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிப் பட்டையாகப் பின்னிய கயிறு ஒன்றைக் கட்டுவார்கள். சவாரி செய்பவர் கையுறை போட்ட கையை, உள்ளங்கை மேலே பார்க்க, அந்தக் கயிற்றின் பிடிக்குள் நுழைப்பார். நண்பர் ஒருவர் அடைப்பின் மேல் நின்று கயிற்றின் நுனியை இழுத்து இறுக்குவார். சவாரி செய்பவர் மிச்சக் கயிற்றைத் தன் கையின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, விரல்களை மூடி, மற்றக் கையால் அந்த முஷ்டியைக் குத்திக் குத்தி இறுக்கிக்கொள்வார். கயிற்றில் முடிச்சு கிடையாது. பிசின் தூள் தடவிய கையின் பிடி மட்டும்தான். கயிற்றின் அடியில் மணி ஒன்று தொங்கும். கையை விட்டதும் அந்தக் கனத்தில் கயிறு தானாக நழுவி விழ வேண்டும். நழுவாமல் கை மாட்டிக்கொண்டால், ஓடும் காளையின் பக்கவாட்டில் ஆள் துணி மாதிரி அடிபடுவார்.

எல்லாம் சரி என்றதும் தலையை ஒரு முறை அசைப்பார். கதவு திறக்கும். அங்கிருந்து எட்டு நொடி. ஒரு கை கயிற்றில், மற்றக் கை காற்றில். அந்தக் கை காளையின் மேலோ தன் மேலோ பட்டால் மதிப்பெண் இல்லை. எட்டு நொடி தாண்டினால் நூற்றுக்கு மதிப்பெண்: பாதி மனிதனுக்கு, பாதி காளைக்கு. இந்தக் கணக்கைக் கவனியுங்கள். சாதுவான காளை குலுக்கலில் வந்தால் விழ மாட்டீர்கள், ஆனால் ஜெயிக்கவும் மாட்டீர்கள். அதனால் நல்ல வீரர்கள் எல்லாரும் மோசமான காளை வர வேண்டும் என்றுதான் ஆசைப்படுவார்கள்.

லேன் ஃப்ராஸ்ட் 1963 அக்டோபர் 12 அன்று கொலராடோ மாநிலத்தின் லா ஹன்டா என்ற ஊரில் பிறந்தார். அப்பா கிளைட் ஃப்ராஸ்ட் குதிரைச் சவாரிப் போட்டிகளில் இருந்தவர். பிள்ளை பிறந்த நேரத்திலும் அவர் ரோடியோ சுற்றில்தான் இருந்தார். அம்மா எல்ஸி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தார். குடும்பம் வாழ்ந்தது யூட்டா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், வெர்னல் பக்கம், பால்பண்ணை வைத்துக்கொண்டு. ஐந்தாறு வயதிலேயே பண்ணையின் கன்றுகள் மேல் ஏற ஆரம்பித்துவிட்டார். பத்து வயதில் அந்தப் பகுதிச் சிறுவர் ரோடியோவில் முதல் பரிசுகள். வீட்டில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள்: எலும்பு முற்றும்வரை பெரிய காளைகள் மேல் தொடர்ந்து ஏறக்கூடாது. பதினைந்து வயதுக்குப் பிறகுதான் காளைச் சவாரி வழக்கமானது. தானே ரோடியோவில் அடிபட்டு எழுந்த அப்பாவின் முன்ஜாக்கிரதை அது என்றுதான் எனக்குப் படுகிறது.

1978இல் யூட்டாவின் குளிரைத் தாங்க முடியாமல் குடும்பம் ஓக்லஹோமாவுக்குக் குடிபெயர்ந்தது. போய்ச் சேர்ந்த ஊரின் பெயரும் லேன். அவர் பெயரை ஊருக்கு வைத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், அது தற்செயல்தான். தென்கிழக்கு ஓக்லஹோமாவில், அட்டோகா மாவட்டத்தில், சில நூறு பேர் மட்டும் இருக்கும் இடம். பக்கத்து அட்டோகா ஊர்ப் பள்ளியில்தான் படிப்பை முடித்தார். 1981இல், பள்ளியில் படிக்கும்போதே, தேசிய உயர்நிலைப் பள்ளி ரோடியோவில் காளைச் சவாரிச் சாம்பியன்.

ஓக்லஹோமாவுக்கு வந்ததில் கிடைத்த பெரிய வரவு ஃப்ரெக்கிள்ஸ் பிரவுன். லேனின் குருநாதர் இவர்தான். ஹ்யூகோ ஊருக்குப் பக்கத்தில் சோப்பர் என்ற சிற்றூரில் பண்ணை வைத்திருந்தார். 1962இல் உலகச் சாம்பியன். ஆனால் அவரை இன்றும் பேசவைப்பது 1967 டிசம்பர் 1 ராத்திரி. ஓக்லஹோமா சிட்டியில் தேசிய இறுதிச் சுற்று. அவருக்குக் குலுக்கலில் வந்தது டொர்னேடோ. பதினாறு உலகப் பட்டங்கள் வென்ற ஜிம் ஷோல்டர்ஸுக்குச் சொந்தமான அந்தக் காளையை இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் முயன்றும் யாராலும் எட்டு நொடி தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஃப்ரெக்கிள்ஸுக்கு அப்போது வயது 46. காளைச் சவாரியில் முப்பது வயதைத் தாண்டினாலே கிழவன் என்பார்கள். அவர் எட்டு நொடியும் இருந்தார். அரங்கமே எழுந்து நின்றது.

அந்த மனிதரிடம்தான் பதின்வயது லேன் பாடம் கற்றார். யாராலும் அடக்க முடியாத காளை என்று ஒன்று இல்லை என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். 1987 மார்ச்சில் ஃப்ரெக்கிள்ஸ் புற்றுநோயில் காலமானார். அதே வருடம் டிசம்பரில் லேன் உலகச் சாம்பியன் ஆனார். ஒன்பது மாதம். குருநாதர் அதைப் பார்க்க இருந்திருக்கலாம் என்று இதை எழுதும்போதும் தோன்றுகிறது.

அந்தப் பட்டம் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ரோடியோ கௌபாயின் வாழ்க்கை அதில்தான் இருக்கிறது. சம்பளம் கிடையாது. ஒவ்வொரு போட்டிக்கும் நுழைவுக் கட்டணத்தைத் தன் பையிலிருந்து கட்ட வேண்டும். எட்டு நொடிக்கு முன் விழுந்தால் கட்டணமும் போச்சு, பெட்ரோல் காசும் போச்சு. பரிசாகக் கிடைக்கும் ஒவ்வொரு டாலரும் தரவரிசையில் ஏறும். வருடக் கடைசியில் முதல் பதினைந்து பேருக்குத்தான் தேசிய இறுதிச் சுற்றில் இடம். அங்கே பத்து நாளில் பத்துக் காளைகள். வருடம் முழுக்கச் சம்பாதித்ததையும் அங்கே சம்பாதித்ததையும் கூட்டிப் பார்த்து யார் முதலில் நிற்கிறாரோ அவர் உலகச் சாம்பியன். ஆகவே இது முக்கியமாக ஊர் ஊராகப் பயணம் செய்ய வேண்டிய விளையாட்டு. ஜூலை 4 சுதந்திர தினத்தை ஒட்டிய நாட்களில் ஊருக்கு ஊர் போட்டி நடக்கும். அந்த வாரங்களைக் கௌபாய் கிறிஸ்துமஸ் என்பார்கள். காலையில் ஒரு ஊர், ராத்திரி இன்னொரு ஊர், இடையில் பல மணி நேரம் வண்டி ஓட்டம். கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காக நாலு பேர் சேர்ந்து போவார்கள். அவர்களே போட்டியாளர்கள், அவர்களே கயிறு இழுத்துவிடும் நண்பர்கள். டெக்சஸைச் சேர்ந்த டஃப் ஹெடமன், ஜிம் ஷார்ப், அப்புறம் கோடி லேம்பர்ட். லேனின் வழித்துணைகள் இவர்கள். ஹெடமன் 1986 சாம்பியன், லேன் 1987, ஷார்ப் 1988. ஒரே வண்டியில் போனவர்கள்தான் மூன்று வருடம் பட்டத்தைக் கைமாற்றிக்கொண்டார்கள்.

இனி ரெட் ராக்.

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜான் க்ரவ்னியும் டான் கிஷ்ஷும் வைத்திருந்த செங்காவி நிறக் காளை. தொழில்முறை ரோடியோவில் 309 தடவை அதன் மேல் ஆள் ஏறியிருக்கிறார்கள். ஒருவர்கூட எட்டு நொடி இருக்கவில்லை. 1987இல் அதுதான் வருடத்தின் சிறந்த காளை. அந்த வருடத்தோடு அதற்கு ஓய்வும் கொடுத்துவிட்டார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ரெட் ராக் முரட்டுக் காளையே இல்லை. களத்துக்கு வெளியே பசு மாதிரி நிற்கும், தொட்டுத் தடவலாம். கீழே விழுந்தவரைத் தேடிப் போய் முட்டும் குணமும் கிடையாது. அதன் பலம் முழுக்கப் புத்தியில். முதுகில் இருப்பவரின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று உணர்ந்து, அதற்கு எதிர்ப் பக்கம் திரும்பிவிடும் என்பார்கள் அதைப் பார்த்தவர்கள். அதனிடம் விழுந்தவர்கள் எல்லாம் பலம் குறைந்து விழவில்லை. ஒரு கணம் தவறாகச் சாய்ந்து விழுந்தார்கள்.

1987இன் சாம்பியன் மனிதரும் 1987இன் சாம்பியன் காளையும் மோதினால் என்ன என்ற யோசனை வந்தது. ஓய்விலிருந்த ரெட் ராக்கை வெளியே கொண்டுவந்தார்கள். 1988இல் மேற்கு மாநிலங்களின் வெவ்வேறு ரோடியோக்களில் ஏழு மோதல்கள்.

சாதாரணமாகக் குலுக்கலில் ஒரு காளை வரும், ஏறுவீர்கள், விழுவீர்கள் அல்லது இருப்பீர்கள், அடுத்த ஊருக்குப் போய்விடுவீர்கள். அதே காளை அந்த வருடம் மறுபடி வருமா என்பதே சந்தேகம். இங்கே அப்படி இல்லை. அதே காளை, அதே ஆள், ஏழு தடவை. ஒளிய இடமில்லை. உலகச் சாம்பியன் பட்டம் கையில் இருக்கும்போது ஒருவர் இதற்குச் சம்மதிக்க வேண்டிய அவசியமே இல்லை. 309 தடவை ஆளைத் தள்ளிய காளை இந்த ஏழு தடவையும் தள்ளிவிட்டால், பட்டத்தின் மரியாதை என்ன ஆகும்? லேன் சம்மதித்தார்.

முதல் மோதலில் விழுந்தார். இரண்டாவதிலும் விழுந்தார். எழுந்து, தூசியைத் தட்டி, கூட்டத்துக்குக் கை காட்டிவிட்டுப் போனார். மே மாதம் கலிஃபோர்னியாவின் ரெட்டிங் ஊரில் மூன்றாவது மோதல். அன்று எட்டு நொடி முடிந்து மணி அடித்தபோது லேன் காளையின் மேல்தான் இருந்தார். ரெட் ராக் மேல் முதன்முதலாக ஒரு மனிதர் தாக்குப்பிடித்தது அன்றுதான். ஏழும் முடிந்தபோது கணக்கு: லேன் நான்கு, ரெட் ராக் மூன்று.

நான்குக்கு மூன்று என்ற அந்த எண்ணிக்கைதான் என் பதிலின் மையம். ஏழுக்கு ஏழு ஜெயித்திருந்தால் காளை சும்மா என்றிருப்பார்கள். இங்கே ஒவ்வொரு மோதலும் எப்படியும் போகலாம் என்றிருந்தது. ஜனங்கள் மனிதருக்கும் கைதட்டினார்கள், காளைக்கும் கைதட்டினார்கள். லேன் தோற்ற மூன்று நாட்களும் எல்லார் கண்முன்னாலும் தோற்றார். சிற்றூர்க்காரர்கள் இதை மறக்க மாட்டார்கள். லாஸ் வேகஸ் இறுதிச் சுற்றில் சாம்பியனாக வாங்கிய தங்க பெல்ட் பக்கிளைப் பார்த்தவர்களை விட, தங்கள் ஊர் மைதானத்தில் ஒரு சாம்பியன் விழுவதையும் மறுபடி வந்து ஏறுவதையும் பார்த்தவர்களுக்குத்தான் அவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. அடுத்த வருடங்களில் எத்தனை பேர் எத்தனை பட்டம் வென்றாலும் அந்தக் கோடைக்கு நிகராக ஒன்று வரவில்லை என்பது என் அபிப்பிராயம். 1990இல் தொழில்முறை ரோடியோவின் புகழரங்கத்தில் லேனையும் சேர்த்தார்கள், ரெட் ராக்கையும் சேர்த்தார்கள்.

ஆள் எப்படி என்பதும் காரணம்தான். சிரித்த முகம், தொப்பியில் ஒரு இறகு, கூட்டத்தைப் பார்த்து ஒரு கையசைப்பு. போட்டி முடிந்த பின் குழந்தைகள் வேலி ஓரம் வரிசையில் நிற்பார்கள். கடைசிப் பிள்ளை வரைக்கும் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நகர்வார். அடுத்த ஊருக்கு நேரமாகிறது என்று கூட வந்தவர்கள் வண்டியில் பொறுமையிழந்து காத்திருப்பார்கள். வேலிக்கு வெளியே நிற்கும் பையன் இடத்தில் தானும் ஒரு காலத்தில் நின்றவர் அவர், அது மறக்கவில்லை.

1989 ஜூலை 30. வயோமிங்கின் ஷையென் ஊரில் 1897இலிருந்து நடக்கும் பெரிய ரோடியோவின் கடைசி நாள். மழை பெய்து மைதானம் சேறாக இருந்தது. லேனுக்கு வந்த காளையின் பெயர் டேக்கிங் கேர் ஆஃப் பிசினஸ். நல்ல சவாரி, எட்டு நொடியும் முடித்தார். இறங்கும்போது சேற்றில் விழுந்தார். காளை திரும்பி வந்து கொம்பால் முதுகின் பக்கவாட்டில் அழுத்தியது. கொம்பு உள்ளே இறங்கவில்லை. வெளியே பெரிய காயம் எதுவும் தெரியவில்லை. எழுந்தார், உதவிக்குக் கை காட்டினார், சில அடி நடந்தார், விழுந்தார். விலா எலும்புகள் உடைந்து உள்ளே முக்கியமான ரத்தக் குழாயைக் கிழித்திருந்தன. காப்பாற்ற முடியவில்லை. இதைப் பற்றி இதற்கு மேல் விவரிக்க எனக்கு விருப்பமில்லை.

அதே வருட டிசம்பரில், லாஸ் வேகஸ் இறுதிச் சுற்றில், டஃப் ஹெடமன் மறுபடி உலகப் பட்டத்தை உறுதி செய்தார். கடைசிக் காளையில் எட்டு நொடி மணி அடித்தும் அவர் இறங்கவில்லை. இன்னும் எட்டு நொடி இருந்தார், லேனுக்காக.

கோடி லேம்பர்ட் வேறு மாதிரி அஞ்சலி செலுத்தினார். அதுவரை காளைச் சவாரிக்காரர்கள் சட்டையும் தொப்பியுமாகத்தான் ஏறினார்கள். மார்புக்குப் பாதுகாப்பு என்று எதுவும் இல்லை. குதிரைப் பந்தய ஜாக்கிகள் அணியும் பாதுகாப்பு அங்கியைப் பார்த்து, கொம்பையும் குளம்பையும் தாங்கும்படி ஒன்றை லேம்பர்ட் உருவாக்கி, 1993 வாக்கில் தானே அணிய ஆரம்பித்தார். உள்ளே அடியைப் பரவவிடும் அடுக்குகள், வெளியே கொம்பு வழுக்கிப் போகும் தோல். முதலில் தயங்கியவர்களும் சில வருடங்களில் போட்டுக்கொண்டார்கள். இன்று அது இல்லாமல் யாரும் ஏறுவதில்லை. 1992இல் இருபது பேர் அளவில் காளைச் சவாரி வீரர்கள் ஆளுக்கு ஆயிரம் டாலர் போட்டுத் தங்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். ஹெடமன், லேம்பர்ட், ஷார்ப் மூவரும் அதில் இருந்தார்கள். இன்று பி.பி.ஆர். (புரொஃபஷனல் புல் ரைடர்ஸ்) என்று உலகம் முழுக்க ஒளிபரப்பாவது அதுதான். 1994 அக்டோபர் 15 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் தலைக்கவசமும் போட வேண்டும் என்று பின்னால் அங்கே விதி வந்தது.

அங்கி எல்லாவற்றையும் தடுத்துவிடாது. 2019 ஜனவரியில் டென்வரில் மேசன் லோ என்ற வீரர் காளை மார்பில் மிதித்து இறந்தார். அங்கி அணிந்திருந்தார். அவருக்கும் வயது 25. இந்த விளையாட்டே வேண்டாம் என்பவர்களின் வாதத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். காளைகளின் இடுப்பில் வார் கட்டித் துள்ளவைப்பதை எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் யோசிக்க நிறைய இருக்கிறது. ஆனாலும் லேனுக்குப் பிறகு களமிறங்கிய ஆயிரக்கணக்கான பையன்களின் விலா எலும்பை அந்த அங்கி காத்திருக்கிறது. அதை அணிபவர்கள் பலருக்கு அது எப்படி வந்தது என்றும் தெரியும். உங்கள் கேள்விக்கு இரண்டாவது பதில் இதுதான்: அவர் பெயர் மறக்காமலிருக்க ஒவ்வொரு சவாரியிலும் ஒரு காரணம் இருக்கிறது.

லேனை ஓக்லஹோமாவின் ஹ்யூகோ ஊர் மவுன்ட் ஆலிவெட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். ஃப்ரெக்கிள்ஸ் பிரவுனின் கல்லறைக்குப் பக்கத்தில். ஹ்யூகோ சர்க்கஸ் கம்பெனிகள் குளிர்காலத்தில் வந்து தங்கும் ஊர். அதே தோட்டத்தில் சர்க்கஸ்காரர்களுக்கென்று தனிப் பகுதி உண்டு, கல்லில் யானை எல்லாம் செதுக்கியிருப்பார்கள். ஷையென் மைதானத்தில் லேன் காளை மேலிருக்கும் பெரிய வெண்கலச் சிலையும் இருக்கிறது.

நீங்கள் பழைய பதிவுகளைத் தேடிப் பார்ப்பதாக இருந்தால், ஷையெனை விட்டுவிடுங்கள். 1988இன் ரெட் ராக் மோதல்களைத் தேடுங்கள். ரெட்டிங்கை மட்டும் பார்க்காமல், அவர் விழுந்த முதல் இரண்டையும் சேர்த்து வரிசையாகப் பாருங்கள். காற்றில் இருக்கும் அவருடைய கையைக் கவனித்தாலே போதும், இரண்டாவது தடவைக்கும் மூன்றாவது தடவைக்கும் நடுவில் அவர் எதையோ கற்றுக்கொண்டு வந்திருக்கிறார் என்று தெரியும்.